புல் முளைச்சாச்சு... மாட்டை எப்போ விடலாம்?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மாடு பிடித்து வந்தவர்களுக்கு அடுத்த கவலை தீவனம்தான். போர் தண்ணீர் இருப்பவர்கள் கம்பு நேப்பியர் போட்டுச் சமாளித்துவிடலாம். மானாவாரிக் காடு மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கைகொடுப்பது கொழுக்கட்டைப் புல். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள் இந்தப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டை. தண்ணீர் பாய்ச்சாமலே காங்கேயம் மாட்டையும் மேச்சேரி ஆட்டையும் காப்பாற்றுகிற மேய்ச்சல் காடு அது.

புரட்டாசி மழையில் விதைத்தால் புல் முளைத்துவிடும். ஆனால், அடுத்த சித்திரையில் வெறும் மண்ணாகக் கிடக்கும் காடுகளும் உண்டு. 'விதை சரியில்லை' என்று விற்றவரைத் திட்டுவார்கள். பல நேரங்களில் கோளாறு விதையில் இருக்காது. கார்த்திகையிலேயே மாட்டை உள்ளே விட்டிருப்பார்கள்.

மேலே ஒரு சாண் பச்சை தெரிந்தாலும், அந்த வயதில் வேர் ஆழம் போயிருக்காது. மாடு புல்லைக் கத்தரித்துத் தின்பதில்லை. நாக்கால் சுற்றிப் பிடித்து இழுக்கும். இளம்புல் வேரோடு வந்துவிடும். மண் ஈரமாக இருந்தால் குளம்பு பட்டே தூர் நசுங்கும். ஆடு இன்னும் மோசம், தரையை ஒட்டிக் கடிக்கும். கோடையைத் தாண்ட வேண்டிய சத்து வேரிலும் அடித்தூரிலும்தான் இருக்கிறது. அது போய்விட்டால், அடுத்த மழை பெய்தாலும் துளிர்க்க எதுவும் மிஞ்சாது.

வேர் பிடித்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். காட்டில் நாலைந்து இடங்களில் ஒரு கைப்பிடி புல்லைப் பிடித்து, மாடு இழுப்பதுபோல இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து வந்தால் வேர் பிடித்துவிட்டது. தூர் அசைந்து மண்ணோடு வந்தால் பொறுக்க வேண்டும். கல்யாண மண்டபங்களின் முன்னால் விரிக்கும் புல்தரைக்கும் இதே சோதனைதான். ஓரத்தைத் தூக்கினால் பாய்போல எழும்பி வந்தால் இன்னும் வேர் பிடிக்கவில்லை, அதுவரை அதில் யாரையும் நடக்கவிடக் கூடாது.

விதைத்த 70-75 நாளில் முதல் அறுப்பை அரிவாளால் எடுத்து, கட்டுத்தறியில் போடுவது நல்லது. தரையோடு வழிக்காமல் நான்கு விரல் உயரம் விட்டு அறுக்க வேண்டும். அதன்பிறகு வரும் கதிரை முற்றவிட்டால், விதை உதிர்ந்து சொட்டை விழுந்த இடங்களைத் தானே நிரப்பும். பார்த்தீனியத்தை மட்டும் பூப்பதற்கு முன் கையால் பிடுங்கிவிடுங்கள்.

முதல் கோடைக்குச் சோளத்தட்டு விலைக்கு வாங்கத்தான் வேண்டியிருக்கும். சிறு விவசாயிக்கு அது பாரம்தான். அதனால், மூன்று ஏக்கர் இருந்தால் முதல் ஆண்டு ஒரு ஏக்கரில் மட்டும் விதைத்து, மீதியில் வழக்கம்போலத் தட்டுக்குச் சோளம் போடலாம். இரண்டாம் ஆண்டு மழைக்குப் பிறகு, புல் முழங்கால் உயரம் வந்ததும் மாட்டை விடலாம். அப்போதும் காட்டைத் தடுத்து, ஒரு பகுதி மேயும்போது மற்றது துளிர்க்கும்படி மாற்றி மாற்றி விட வேண்டும். ஆடுகளைக் கடைசியாக விடுங்கள்.

புதிதாக உதிர்ந்த விதை உடனே சரியாக முளைக்காது. சில மாதங்கள் உறக்கத்தில் இருக்கும். வாங்கும்போது எப்போது அறுவடை செய்த விதை என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுணையுள்ள லேசான விதை என்பதால் காற்றில் பறக்கும். ஈரமணல் கலந்து தூவி, மேலாக மண் மூடினால் போதும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறையிலும், கோபிசெட்டிபாளையம் மைராடா வேளாண் அறிவியல் நிலையத்திலும் விதை பற்றி விசாரிக்கலாம்.