கிழிகிற சத்தமும் தம்புராவின் ஜீவாளியும்

எங்க அப்பா கச்சிராயபாளையம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். ஆடி மாதம் வந்தால் வீட்டில் ஆள் தங்கமாட்டார். கூம்பு ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்போது யாராவது ஆம்ப்ளிஃபையர் வால்யூமை ஏற்றிவிட்டால், எங்கிருந்தாலும் அவர் காதுக்குக் கேட்டுவிடும். "கிழியுது பாரு, கொறை" என்பார். கிழிந்த சத்தத்தோடு ரொம்ப நேரம் ஓடினால் யூனிட் போய்விடும். போனால் அன்றைய வாடகைக் காசும் சேர்ந்து போகும்.

அப்படி வளர்ந்த நான், போன வருஷம் அக்கா பையனுக்காக, காசு செலவழித்து, வேண்டுமென்றே சத்தத்தைக் கிழிக்கிற பெட்டி ஒன்று செய்தேன். எலெக்ட்ரிக் கிடாருக்கான டிஸ்டார்ஷன் பெடல்.

இந்தச் சத்தம் முதலில் ஒரு பழுதாகத்தான் பிறந்தது. 1961-இல் வெளிவந்த, மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொரி' பாட்டு அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவாகும்போது மிக்ஸரில் ஒரு கோளாறு. கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிடார் கரகரவென்று விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள், பாட்டு ஹிட். ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடி அந்தக் கோளாறையே டிரான்சிஸ்டர்களை வைத்து ஒரு சர்க்யூட்டாகச் செய்தார். 1962-இல் கிப்சன் கம்பெனி அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1964-இல் இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். பிளேடை எடுத்து ஸ்பீக்கர் காகிதத்தையே கீறிவிட்டார். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சர்க்யூட் ரொம்ப எளிது. 1970-களில் வந்த எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் வகைதான் நான் எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு 741 ஐ.சி., ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு டையோடு. கிடார் பிக்கப்பிலிருந்து வருவது சுமார் 100, 200 மில்லிவோல்ட். 741 அதை 200 மடங்குக்கு மேல் பெருக்க முயலும் (1 மெகாஓம் ஃபீட்பேக், தரைக்கு 4.7 கிலோஓம், ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்க). வெளியே 10 கிலோஓமுக்கு அப்புறம் இரண்டு டையோடுகள் எதிரெதிர்த் திசையில் தரைக்கு இறங்கும். சிலிக்கான் டையோடு சுமார் 0.6 வோல்ட்டில் திறந்துகொள்ளும். அதற்கு மேல் வருவதெல்லாம் தரைக்குப் போய்விடும். மலை மாதிரி இருந்த அலையின் உச்சி சீவப்பட்டு மொட்டைப் பாறை மாதிரி ஆகிவிடும்.

கம்பி அதிர்ந்து ஓய்ந்து 10 மில்லிவோல்ட்டுக்கு இறங்கினாலும் 200 மடங்கு என்றால் 2 வோல்ட். இன்னும் சீவிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் டிஸ்டார்ஷன் கிடாரின் ஸ்வரம் சாகாமல் நீளமாக நிற்கிறது. சத்தம் கூடியதால் இல்லை, குறையவிடாததால்.

741 என்பது மெதுவான ஐ.சி. என்று காலேஜில் திட்டிப் படித்திருக்கிறோம். 200 மடங்கு பெருக்கும்போது அதனால் 5 கிலோஹெர்ட்ஸைத் தொடக்கூட முடியாது. இங்கே அந்தச் சோம்பேறித்தனமே உதவி, காதைக் குத்துகிற கூர்மையை அது தானாக மழுக்கிவிடுகிறது.

கள்ளக்குறிச்சி கடையில் 1என்4148 கிடைக்கவில்லை, பவர் சப்ளைக்குப் போடுகிற 1என்4007 தான் இருந்தது. அதுவே வேலை செய்தது. பெட்டிக்கு ஒரு பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ். உலோகப் பெட்டியைத் தரையோடு இணைத்தால் கரண்ட் இரைச்சல் உள்ளே வராது. முதல் தடவை ஆன் செய்தபோது கிடாரைத் தொடாமலே 'கீ' என்று விசில் அடித்தது. இன்புட் ஒயரும் அவுட்புட் ஒயரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடியதுதான் காரணம். மைக்கை ஸ்பீக்கர் முன்னால் வைத்தால் கத்துமே, அதே கதை. ஒயர்களைப் பிரித்ததும் அடங்கியது.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். பையன் தனித் தந்தியை மீட்டினால் அருமை. ஆறு தந்தியையும் சேர்த்து ஒரு மேஜர் கார்டு போட்டால் சேறு. "மாமா, உங்க பாக்ஸ் சரியில்ல" என்றான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கெபாசிட்டர் மாற்றினேன், ஐ.சி. மாற்றினேன். ரேடியோ ரிப்பேர் கடையில் ஒரு பழைய செட்டிலிருந்து ஓஏ79 ஜெர்மானியம் டையோடுகளைப் பிடுங்கி வந்து போட்டேன். அது 0.3 வோல்ட் சுமாரிலேயே திறக்கும், சத்தம் கொஞ்சம் இதமானது. சேறு மட்டும் போகவில்லை.

விடை கிடைத்தது வேறு எதையோ படிக்கும்போது. நம்ம திருச்சிக்காரர் சி.வி. ராமன், கல்கத்தாவில் இருந்தபோது 1921-இல் வீணை, தம்புரா பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய மேல்சுருதிகள் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. சரிபாதியில் மீட்டினால் இரண்டாம், நான்காம் சுருதிகள் வரக்கூடாது. தம்புராவிலும் வீணையிலும் அவை வருகின்றன என்று ராமன் காட்டினார். காரணம் குதிரை. அது கத்திமுனை போல இல்லாமல் அகலமாக, மெல்லிய வளைவோடு இருக்கிறது. தந்தி அதிரும்போது அதை உரசி உரசி எழுகிறது. தம்புராவில் ஜீவாளி என்று ஒரு நூலையும் சொருகி அந்த உரசலைச் சரியாக அமைக்கிறார்கள். அதாவது மீட்டலில் இல்லாத சுருதிகளைக் குதிரை புதிதாக உண்டாக்குகிறது. டையோடு செய்வதும் அதுதான். இரண்டு பக்கமும் சமமாகச் சீவினால் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை மேல்சுருதிகள் புதிதாகப் பிறக்கும்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தம்புராவில் நாலு தந்தியும் தனித்தனியாகக் குதிரையில் உரசுகின்றன. என் பெட்டியில் ஆறு தந்தியும் ஒரே டையோடு ஜோடிக்குள் நுழைகின்றன. அப்போது சுருதிகள் ஒன்றோடொன்று கலந்து குட்டி போடும்.

கணக்குப் பாருங்க. சட்ஜம் 100 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 150 என்று வைத்துக்கொள்வோம். சமச்சீராகச் சீவும் டையோடு முக்கியமாக உண்டாக்கும் கலப்புகள், ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் வருபவை. 200-150 என்றால் 50, கீழ் சட்ஜம். 300-100 என்றால் 200, மேல் சட்ஜம். எல்லாம் குடும்பத்துக்குள்ளேயே. இப்போது பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரம். சுத்தமான கணக்கில் 125, கிடாரின் கட்டைகளில் கிட்டத்தட்ட 126. கலப்பு 74-ம் 152-ம். அடுத்த வரிசையில் 48. 50-லும் இல்லை, 75-லும் இல்லை, 150-லும் இல்லை. இதோடு இன்னும் நாலு தந்தியைச் சேர்த்தால் சேறு இல்லாமல் என்ன வரும்? கிடாரின் பஞ்சமம் மட்டும் கணக்குக்கு மிக நெருக்கம், 149.8.

ராக் கிடார்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டு ச-ப மட்டும் பிடிப்பதற்குப் 'பவர் கார்டு' என்று பெயர். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதும் பெரும்பாலும் அதே ப-ச தான். பெட்டியில் கோளாறே இல்லை.

பையனிடம் மூன்றாவது விரலை எடுத்துவிட்டு ச-ப மட்டும் பிடிக்கச் சொன்னேன். டிபன் பாக்ஸிலிருந்து, கிடாரில் இல்லாத கீழ் சட்ஜம் ஒன்று தரையை அதிரவைத்து எழுந்தது. உள் அறையிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். "கொறைக்கணுமாப்பா?" என்றேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "கிழியுது," என்றார், "ஆனா சுருதியா கிழியுது."

ஓஏ79 போட்டதைப் பையன் காலேஜுக்கு எடுத்துப் போய்விட்டான். 1என்4007 போட்டு இன்னொன்று செய்து மேஜையில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பக்கம் இரண்டு டையோடு, மறுபக்கம் ஒன்று. அப்படிச் செய்தால் இரட்டைப்படை சுருதிகளும் வரும்.