கோழிக்கு முழுத் தானியம், நமக்கு மைதா

வாஃபிள் பெரம்பலூருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. குச்சியில் செருகியது, குமிழ் குமிழாகப் புடைத்தது, சாக்லேட்டில் குளிப்பாட்டியது என்று கல்லூரிப் பிள்ளைகள் சாயங்காலத்தில் மொய்க்கும் கடைகளில் எல்லா வகையும் உண்டு. இப்போது புதிதாக 'சிறுதானிய வாஃபிள்' பலகையும் தொங்குகிறது. முழுத் தானியத்தில் நிஜமாகவே செய்த வாஃபிள் பெரம்பலூரிலும் அரியலூரிலும் கிடைக்குமா, இல்லையென்றால் வீட்டில் சுடலாமா என்று எழுதச் சொன்னார்கள். சுடலாம், முறையும் கீழே வருகிறது. ஆனால் விசாரிக்கப் போன இடத்தில் வேறொரு உறுத்தல் பிடித்துக்கொண்டது: நம் தானியத்தின் தவிடெல்லாம் எங்கே போகிறது?

பலகை தொங்கிய கடையில் மாவுப் பொட்டலத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். எது எடையில் அதிகமோ அதிலிருந்து தொடங்கி இறங்குவரிசையில் பொருள்களை அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் மைதா. அடுத்து சர்க்கரை. பால் பவுடர், ஸ்டார்ச் எல்லாம் தாண்டிய பிறகு கேழ்வரகு மாவு. "கலர் வருதுல்லக்கா, கேக்கறவங்களுக்கு அது போதும்" என்றார் கல்லாவில் இருந்த தம்பி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முழுத் தானிய மாவு சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும்; மைதா மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கடை நடத்துகிறவர் எதை வாங்கி வைப்பார்?

தானியம் விளையாத சீமையாக இருந்தாலாவது மனசு ஆறும். வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளம் ஏக்கர் ஏக்கராக நிற்கிறது. மாநிலத்தில் மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டம் பெரம்பலூர். 2018இல் படைப்புழு வந்து குருத்தையே தின்று தீர்த்தது. அப்படியும் பயிரை யாரும் கைவிடவில்லை. அறுவடை நாளில் பாதிச் சாலையை மறித்துக் காயப்போட்டிருப்பார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள். மூட்டை கட்டிய பிறகு பெரும்பகுதி நாமக்கல் பக்கம், கோழித் தீவனத்துக்குப் போகிறது. அங்கே தோலும் முளையும் மாவுமாக அப்படியே உடைத்துப் போடுகிறார்கள். ஆக, முழுத் தானியம் சாப்பிடுவது கோழி. அதே சாலையில் எதிரே வருகிற லாரியில் நமக்கு மைதா வருகிறது.

சரி, வரகில் சுடலாமே என்று அரியலூர் பக்கம் விசாரித்தேன். செந்துறை, ஆண்டிமடம் பக்கத்துப் பெரியவர்கள் வரகுச் சோறு தின்று வளர்ந்தவர்கள். வரகு சாமானியத்தில் அசையாது. மேல் உமி கல் மாதிரி. மண் திருகையில் ஓட்டி, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் என்று ஒரு பாட்டி கையை ஆட்டிக் காட்டினார். அந்த உமிதான் அதற்குக் கவசம். கோயில் கலசத்துக்குள் உமியோடு வரகு போட்டு வைப்பதும் அது கெடாமல் கிடக்கும் என்பதால்தான். உமி போனால் அடியில் இருக்கும் தவிட்டின் எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடத் தொடங்கும். இதற்கு வியாபாரிகள் கண்ட சுலபமான வழி, தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிடுவது. வெள்ளை வெளேரென்று வரகரிசி வரும், பாக்கெட்டில் நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பாலும் மாட்டுத் தொட்டிக்குப் போயிருக்கும்.

மில்லில் நின்று, உமி மட்டும் நீக்கி ஒரே ஓட்டில் நிறுத்தித் தர முடியுமா என்று கேட்டேன். "தவிடு போகத்தாங்க்கா எல்லாரும் காசு குடுக்குறாங்க. நீங்க தவிட்டோட கேக்குறீங்க" என்று மில்காரர் சிரித்தார். தருவாராம், ஆனால் ஒரு மூட்டையாவது கொண்டுவர வேண்டுமாம். ஒரு வீட்டு வாஃபிளுக்கு ஒரு மூட்டை வரகா!

2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். மேடையில் பேசியவர்கள் விதையைப் பற்றிப் பேசினார்கள், விலையைப் பற்றிப் பேசினார்கள். மில்லில் என்ன நடக்கிறது என்று பேசியவர் குறைவு.

இனி அடுப்படி. உமி நீக்குகிற தொல்லையே இல்லாதவை கம்பும் சோளமும் கேழ்வரகும். வீட்டு வாஃபிளுக்குக் கம்பே நல்லது. கடையில் மாவாக வாங்காதீர்கள். கம்பில் எண்ணெய்ச் சத்து நூற்றுக்கு 5 அளவுக்கு உண்டு. அரைத்த சில நாளிலேயே மாவு கசக்கும். முழுக் கம்பாக வாங்கிக் கல் அரித்து, நாலு பங்கு கம்புக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் சேர்த்து ராத்திரி ஊறப்போடுங்கள். கம்பில் மைதாவைப் போல இழுத்துப் பிடிக்கும் பசை இல்லை. புளிக்கும்போது எழும் காற்றைத் தாங்குவது உளுந்தின் வழவழப்புதான். இட்லி உப்புவதும் இதே சூட்சுமத்தில்தானே. தோசை மாவைவிடக் கெட்டியாக அரைத்துப் புளிக்கவிடுங்கள்.

சுடுவதற்கு முன் ஒரு கைப்பிடி முந்திரியை ஊறவைத்து விழுதாக்கிக் கலக்கினால் நெய் குறைவாகவே போதும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கா பஞ்சம்! வெல்லத்தை மட்டும் கை காத்துப் போடுங்கள். கூடினால் வாஃபிள் சுடும் கருவியின் தட்டில் ஒட்டிக்கொண்டு, பிரித்தெடுக்கும்போது வாஃபிள் மேலே பாதி கீழே பாதியாகப் பிய்ந்து வரும். தட்டு நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாவை ஊற்ற வேண்டும். மூடியதும் ஓரத்திலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பும். அது ஓயும்வரை மூடியைத் தொடக் கூடாது. மைதாவுக்கு ஆகும் நேரத்தைவிடக் கூடவே பிடிக்கும். எடுத்ததும் தட்டில் போட்டு மூடாமல் கம்பி வலை மேல் வையுங்கள், இல்லாவிட்டால் வியர்த்து நமுத்துவிடும். மேலே மொறுமொறுப்பு, உள்ளே கம்பு தோசையின் சொரசொரப்பு, லேசான புளிப்பு. கடை வாஃபிளின் பஞ்சு மென்மையை எதிர்பார்த்து உட்காராதீர்கள். என் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றைத் தேன் தொட்டும் மற்றதைக் காரச் சட்னி தொட்டும் தின்றார்கள். சட்னிக்குத்தான் மவுசு அதிகம்.

தவிடு இருக்கிறது என்பதற்காக இனிப்புப் பண்டம் மருந்தாகிவிடாது என்று சர்க்கரை நோய் மருத்துவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும்.

மில்காரர் கேட்ட மூட்டைக்கு ஒரு வழி இருக்கிறது. நாலைந்து வீடு சேர்ந்து, அல்லது ஒரு மகளிர் குழு சேர்ந்து, உமியோடு வரகு வாங்கி வைத்துக்கொள்ளலாம். உமியோடு இருக்கும்வரை அதற்கு அவசரமில்லை. மாதம் ஒருமுறை ஒரே ஓட்டாக ஓட்டிப் பங்கு போட்டுக்கொண்டால், தவிட்டோடு இருக்கும் அரிசி கெடுவதற்குள் தீர்ந்துவிடும். கடையில் வரகரிசியாகவே வாங்கினால் நிறத்தைப் பாருங்கள்: மங்கிய பழுப்பாக இருந்தால் எடுங்கள், பளிச்சென்று இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.