இணையவழி ஆசானை எடைபோடுதல்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத்தில் பயிலும் மாணவர், பாடத்தில் ஐயம் எழுந்தால் முன்பு ஆசிரியரையோ மூத்த மாணவரையோ திருச்சிராப்பள்ளியின் நூலகத்தையோ நாடினார். இன்று கைப்பேசியில் வினாவைத் தட்டச்சு செய்தால் நொடிப்பொழுதில் விடை வந்துவிடுகிறது. வீட்டுப்பாடத்திற்கு உதவும் இணையச் சேவைகள் பலவாகப் பெருகியுள்ளன. அவற்றுள் எதை நம்புவது, எதை விலக்குவது என்று தெளிவதும் கல்வியின் ஒரு பகுதியே.

நன்னூல் காட்டும் அளவுகோல்

ஆசிரியரின் தகுதியை ஆராய்வது தமிழ் மரபிற்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியரை நிறைகோலுக்கு ஒப்பிடுகிறார். பொருளின் எடையை ஐயமறக் காட்டுவதும் நடுநிலை பிறழாமையும் நிறைகோலின் இயல்புகள். ஆசிரியராகத் தகாதவருக்குக் கழற்சிக்காய் நிறைந்த குடத்தை உவமை கூறுகிறார். அக்குடத்தில் காய்களை இட்ட முறை ஒன்று. கவிழ்க்கும்போது அவை விழும் முறை வேறு. விளக்கமோ ஒழுங்கோ இன்றி விடைகளைக் கொட்டும் இணையச் சேவைக்கும் இவ்வுவமை பொருந்தும்.

தெரிந்ததைக் கேட்டுச் சோதித்தல்

ஒரு சேவையைச் சோதிக்க எளிய வழி, விடை தெரிந்த வினாக்கள் சிலவற்றை அதனிடம் கேட்பதாகும். திருவரங்கம் இராசகோபுரம் எப்போது கட்டப்பட்டது என்று கேட்கலாம். விசயநகரக் காலத்தில் தொடங்கப்பெற்று, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்ற அது, 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டதாக 1987ஆம் ஆண்டில் நிறைவுற்றது. சோழர் கட்டியது என ஒரு சேவை தயக்கமின்றிக் கூறுமாயின், அதன் பிற விடைகளையும் சரிபார்த்த பின்னரே ஏற்கவேண்டும். சரளமான நடை உண்மைக்குச் சான்றாகாது. செயற்கை நுண்ணறிவு தரும் விடைகளில் பிழையும் மெய்போலவே தோன்றும்.

விடையை மட்டும் தரும் சேவையினும் படிநிலைகளைக் காட்டும் சேவை மேலானது. படிநிலைகள் இருந்தால்தான் பிழை நேர்ந்த இடத்தைக் காண இயலும். இயற்பியலில் கற்கும் பரிமாணப் பகுப்பாய்வும் இதற்குக் கைகொடுக்கும். திசைவேகத்தைக் கேட்ட வினாவிற்கு முடுக்கத்தின் அலகில் விடை வந்தால், எண்ணை நோக்காமலே அது தவறு எனத் துணியலாம். பாடநூலும், அதன் விரைவுக் குறியீட்டின்வழிக் கிடைக்கும் பாடங்களும், கல்வித் தொலைக்காட்சியும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பணமும் தகவலும்

விடை சரியாக இருப்பது மட்டும் போதாது; சேவையை நடத்துவோர் யார், கட்டணம் எவ்வளவு, என்னென்ன தகவல்களைத் திரட்டுகின்றனர் என்பனவும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். இலவசம் என்று தொடங்கும் சேவை, பின்னர் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கும் ஒப்புதலைக் கோரலாம். 2021 டிசம்பரில் நடுவண் அரசின் கல்வி அமைச்சகம் வெளியிட்ட அறிவுரை, இத்தகைய தானியங்கிக் கட்டண முறையைத் தவிர்க்குமாறு பெற்றோரை எச்சரித்தது. 18 வயது நிறையாதவரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு தேவை என்கிறது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பதினொன்றாம் வகுப்பு மாணவர் பெரும்பாலோர் இவ்வயதினரே. ஆகவே, கடவுச்சொல்லையோ ஒருமுறைக் கடவு எண்ணையோ எவரிடமும் பகிர்தல் கூடாது. இணையவழியில் பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம்.

உதவியா, பதிலியா?

இங்கிலாந்தில் மாணவருக்காகக் கட்டுரை எழுதிக் கொடுத்துப் பணம் பெறுவதை 2022ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. கற்க உதவுவது வேறு, கற்பவருக்குப் பதிலாக எழுதுவது வேறு என்னும் கருத்தே இதன் அடிப்படை. பார்த்து எழுதிய விடைக்கு வீட்டுப்பாடத்தில் மதிப்பெண் கிடைக்கலாம். தேர்வறையில் அச்சேவை உடன் வாராது.

இறுதிச் சோதனை மாணவரிடமே உள்ளது. விடையைப் படித்தபின் கைப்பேசியை அணைத்துவிட்டு, வெற்றுத்தாளில் தம் சொற்களில் அதனை விளக்கி எழுதிப் பார்க்கவேண்டும். எழுத முடிந்தால் அச்சேவை கற்பித்திருக்கிறது. முடியாவிடில், விடை சரியாகவே இருந்தாலும், மாணவர் அதனைக் கற்கவில்லை. அந்த ஐயத்துடன் மறுநாள் வகுப்பில் ஆசிரியரிடம் எழுந்து கேட்பதே தக்கது.