இலவச மழைத் தகவலில் எதை நம்பலாம்?

கார்த்திகையில் மானாவாரி மக்காச்சோளத்தின் குருத்தில் படைப்புழு விழுந்தால், மருந்து தெளிக்கும் முன் கைப்பேசியில் மழை பார்ப்பது சங்கரன்கோவில் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. ஒரு செயலி மழை என்கிறது. மற்றொன்று இல்லை என்கிறது. மருந்து கழுவிப் போனால் மருந்துச் செலவோடு கூலியும் நட்டம்.

பல செயலிகள் தாமே கணிப்பதில்லை. வேறொரு கணினியிடம் கேட்டு வாங்கித் தருகின்றன. அவ்வாறு கேட்டு வாங்கும் வாசலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். கணினி படித்த பிள்ளைகள் இதன் மூலம் விவரம் எடுத்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடலாம்.

எளிமையில் முதலிடம் ‘ஓபன்-மீட்டியோ’வுக்கே. வணிக நோக்கமில்லாத பயனுக்குப் பதிவும் கட்டணமும் வேண்டியதில்லை. ஊரின் அட்சரேகை 9.17, தீர்க்கரேகை 77.54 என்று கொடுத்தால் போதும். ஆனால் நேரத்தில் கவனம் தேவை. இந்திய நேரம் என்று குறிப்பிடாவிட்டால் கிரீன்விச் நேரத்தில் விடை வரும். அதில் பகல் 12 மணி என்றிருப்பது நமக்கு மாலை 5.30. இதைக் கவனியாமல் மாலையில் தெளித்தால் மழையில் மாட்டிக்கொள்ள நேரும். மேலும், பெரும்பாலான உலகக் கணிப்புகள் சுமார் 10 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்ப்பவை. ஓர் ஊரில் கொட்டி, அடுத்த ஊரில் தூறாத இடிமழை அதில் சரியாகப் பிடிபடாது.

இந்திய வானிலைத் துறை 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டக் கணிப்பைத் தொடங்கியது. அத்துறையின் ஏ.பி.ஐ.க்கு முன் அனுமதி பெற வேண்டும். அது இயலாதவர்கள் 2019இல் வெளியான ‘மேகதூத்’ செயலியில் செவ்வாய், வெள்ளிக்கிழமை அறிக்கைகளைத் தமிழிலேயே படிக்கலாம்.

விளைபொருள் விலைக்கு மத்திய அரசின் ‘டேட்டா.கவ்.இன்’ உண்டு. பதிவு செய்தால் இலவசச் சாவி எண் கிடைக்கும். விலை குவிண்டாலுக்கு, குறைந்தது, கூடியது, பெரும்பாலும் விற்றது என மூன்று இருக்கும். மூன்றாவதைப் பாருங்கள், தேதியையும் பாருங்கள். மணிக்கு மணி மாறும் மல்லிகை விலையைச் சந்தையில் கேட்பதே மேல்.

நம்பகத்தை நீங்களே சோதிக்கலாம். பக்கங்கள் நேராக உள்ள டப்பா ஒன்றை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை 8.30க்கு நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். மழை என்று சொல்லிப் பெய்யாத நாள், சொல்லாமல் பெய்த நாள் இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும். மருந்து தெளிக்க, இரண்டாவது கணக்கு குறைந்த செயலி உதவும். மழையை நம்பி விதைக்க, முதற்கணக்கு குறைந்ததே வேண்டும். டப்பாவை மரத்தடியிலோ கூரை ஓரத்திலோ வைக்கக் கூடாது.