பிரஸ்ஸுக்கு ஏன் இரண்டு பொத்தான்?

வடக்குப்பட்டு கிராமத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரகடம் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளின் வட்டாரம். அங்கே தகடு அழுத்தும் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் ஏன்? இரு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் விரல் இருக்காது.

எப்படி? இரண்டையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இறங்கும்போது ஒன்றை விட்டாலும் நிற்க வேண்டும். அவசரத்தில் ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கிவைக்கும் சாமர்த்தியசாலிகளும் உண்டே! அவர்களுக்காகவே, இரண்டையும் விட்ட பிறகுதான் அடுத்த ஸ்ட்ரோக். முழங்கையால் அழுத்த முடியாதபடி பொத்தானைச் சுற்றி மூடியும் உண்டு.

வடிவமைப்பு மாணவர்கள் இதை ஆர்டுயினோவில் செய்துபார்க்கலாம். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகர வடிவமைப்புக் கல்விக்கூடத்தில், மாணவர்களுக்காகவே பிறந்த மின்னணுப் பலகை அது. இரண்டு பொத்தான், ஒரு எல்இடி போதும். நிஜ பிரஸ்ஸில் மட்டும் மாட்டாதீர்கள்: கம்பி அறுந்தாலும் இயந்திரத்தை நிறுத்திவிடும் பாதுகாப்பு ரிலே அங்கே வேண்டும்.