வைப்பர் ஆடியும் கண்ணாடி தெளியவில்லையே, ஏன்?

ஐப்பசி மாதம். அடைமழை. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி செல்லும் பேருந்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள். முன்கண்ணாடியில் வைப்பர் ஓயாமல் ஆடுகிறது. ஆனாலும் கண்ணாடி மங்குகிறது! ஓட்டுநர் துணியால் துடைக்கிறார். சற்று நேரத்தில் மீண்டும் மங்கல். சாலையில் மாடு நின்றாலும் தெரியாது. ஏன் இப்படி?

மழைநீர் கண்ணாடிக்கு வெளியே, மங்கலோ உள்ளே! நம் மூச்சிலிருந்தும் நனைந்த உடைகளிலிருந்தும் வரும் நீராவி, மழையில் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நுண்துளிகளாகப் படிகிறது. அத்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன.

உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே நிறுத்திய கார்களின் கண்ணாடி 0 டிகிரி செல்சியசுக்கும் கீழே குளிர்வதுண்டு. அப்போது நீராவி உறைபனியாகவே படியும். அதன்மேல் வெந்நீர் ஊற்றக் கூடாது. கண்ணாடி விரிசல் விடலாம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியின் ஒரு பாதியில் மட்டும் சோப்பைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். இப்போது கண்ணாடி முழுவதும் ஊதுங்கள். சோப்புப் பாதி அவ்வளவாக மங்காது. சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், நீர் துளிகளாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவுகிறது.

பேருந்தில் என்ன செய்யலாம்? ஷட்டரைச் சற்றே உயர்த்துங்கள். வெளிக்காற்றும் ஈரமானதுதான், ஆனால் உள்ளே இருக்கும் அளவு நீராவி அதில் இல்லை. நாலு சொட்டு மழை உங்கள்மேல் தெறிக்கட்டுமே! ஓட்டுநருக்குச் சாலை தெரிந்தால்தானே அனைவரும் பத்திரமாக வீடு சேரலாம்?