வயதை ஒளிக்காத முகம்

1960இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் போட்டியில் எலிசபெத் டெய்லர், ஆட்ரி ஹெப்பர்ன், கேதரின் ஹெப்பர்ன், டோரிஸ் டே என நான்கு ஹாலிவுட் நட்சத்திரங்கள் இருந்தார்கள். விருது ஐந்தாமவருக்குப் போனது. பிரெஞ்சு நடிகை சிமோன் சின்யோரே! 'ரூம் அட் த டாப்' என்ற பிரிட்டிஷ் படத்துக்காகக் கிடைத்த விருது. இடதுசாரிகள் என்பதால் அவருக்கும் கணவர் ஈவ் மோந்தானுக்கும் அதற்கு முன் பல ஆண்டுகள் விசா மறுத்துவந்த நாடு அமெரிக்கா.

1921இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் பிறந்தவர். வளர்ந்தது பாரிஸ் பக்கம். தந்தை காமின்கர் யூதர், மொழிபெயர்ப்பாளர். நாஜிகள் பிரான்சைப் பிடித்ததும் அவர் லண்டனுக்குப் போய், அங்கிருந்து நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சுத் தலைவர் டி கோலின் அணியில் சேர்ந்துவிட, தாயையும் இரண்டு தம்பிகளையும் காக்கும் பொறுப்பு 19 வயது மகளின் தலையில் விழுந்தது. தட்டச்சு வேலை பார்த்தார். பிறகு கூட்டத்தில் ஒருவராகப் படங்களில் தலைகாட்டினார். அப்பாவின் யூதப் பெயர் உயிருக்கே ஆபத்து என்பதால் தாய்வழிக் குடும்பப் பெயரான சின்யோரேயை எடுத்துக்கொண்டார்.

'காஸ்க் தோர்' (1952), 'லே தியபோலிக்' (1955) ஆகிய படங்கள் அவரைப் பெரிய நட்சத்திரமாக்கின. ஆனால் அவருடைய ஆற்றலை முழுதாக அறிய, ழான்-பியேர் மெல்வில் இயக்கிய 'ஆர்மி ஆஃப் ஷேடோஸ்' (1969) பார்க்க வேண்டும். நாஜிகளை எதிர்க்கும் ரகசியக் குழுவில் மதில்த் என்ற பெண். மகளின் புகைப்படத்தைக் கைப்பையில் வைத்திருக்காதே என்று தலைவர் எச்சரிக்கிறார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பிடிபட்டபோது அந்தப் புகைப்படமே எதிரியின் கையில் துருப்புச்சீட்டாகிறது. கடைசியில் சொந்தத் தோழர்களே அவளைச் சுட வருகிறார்கள். தெருவில் காரைக் கண்டதும் சின்யோரே நிற்கிறார்; வசனம் கிடையாது. அதிர்ச்சியா, எதிர்பார்த்ததுதானா, மன்னிப்பா? எல்லாம் அந்தக் கண்களில் இருக்கின்றன.

நாற்பதைத் தாண்டியதும் உடல் பருத்தது, முகத்தில் சுருக்கம் விழுந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. அந்தத் துணிச்சல்தான் அவரைப் பெரிய நடிகையாக்கியது. 'லெ ஷா' (1971) படத்தில் ழான் கபேனோடு, பேச்சே அற்றுப்போன முதிய தம்பதியாக நடித்தார். 1977இல் 'மதாம் ரோசா'. பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளை வளர்க்கும், ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட யூத மூதாட்டி. பாரிசின் பெல்வில் பகுதியில் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சுவாங்கும் அந்தக் கிழவியாக நடித்தபோது அவருக்கு வயது 56தான். பிரான்சின் சேசர் விருது அவருக்கும், வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்கும் கிடைத்தன.

எழுத்திலும் கை தேர்ந்தவர். 1976இல் வெளியான தன்வரலாறு அமோகமாக விற்றது. 1985 செப்டம்பரில் தமது 64ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டில் அவருடைய நாவலும் வெளிவந்திருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பாரிசுக்குப் பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் கதை அது.